எக்ஸ்பார்ட்டி ஆகி ஒன்றரை வருடம் கழித்துத் தெரிகிறது: அம்மாவின் பாகத்துக்கு வழி உண்டா?

காவிரிக்கரை:

வணக்கம். விஷயம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

லால்குடி பக்கம் என் அம்மாவின் அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய நஞ்சையும் ஓர் ஓட்டு வீடும் டவுனில் ஒரு மனையும் இருக்கின்றன. தாத்தா 2009இல் உயில் எதுவும் எழுதாமல் இறந்தார். பாட்டி 2014இல். பிள்ளைகள் நான்கு பேர்: பெரிய மாமா, அம்மா, சித்தி, சின்ன மாமா. 2019இல் சின்ன மாமா சப் கோர்ட்டில் பாகப்பிரிவினை வழக்குப் போட்டார். மற்ற மூன்று பேரும் பிரதிவாதிகள்.

சம்மன் வந்த மறுநாள் பெரிய மாமா வீட்டுக்கு வந்தார். "பொம்பளைங்க நீங்க ரெண்டு பேரும் கோர்ட்டுக்கு அலைய வேண்டாம், என் வக்கீலே எல்லாருக்கும் சேர்த்துப் பார்ப்பார்" என்று சொல்லி அம்மாவிடமும் சித்தியிடமும் வக்காலத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். 2021இல் கொரோனாவில் அவர் போய்விட்டார். அவருடைய பிள்ளைகள் வேறு வக்கீல் வைத்துக்கொண்டார்கள். பழைய வக்கீலிடமிருந்து அம்மாவுக்கு ஒரு போன்கூட வரவில்லை.

போன வாரம் கோர்ட் அனுப்பிய அட்வகேட் கமிஷனர் சர்வேயரோடு வயலில் இறங்கிச் சங்கிலி பிடித்து அளக்கிறார் என்று ஊரிலிருந்து தகவல். விசாரித்தால் 2023 நவம்பரிலேயே முதல்நிலைத் தீர்ப்பாணை (யாருக்கு எவ்வளவு பாகம் என்று முடிவு செய்வது) ஆகியிருக்கிறது. அம்மாவும் சித்தியும் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஆஜராகாததால் அவர்கள் இல்லாமலேயே தீர்ப்பு. 1996இலேயே சீர் வாங்கிக்கொண்டு இருவரும் பாகம் வேண்டாம் என்று விடுதலை எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதனால் அவர்களுக்குப் பாகம் இல்லை என்று வழக்குரையில் எழுதியிருக்கிறார்கள். அதை மறுக்க யாரும் இல்லை. சின்ன மாமாவுக்குப் பாதி, பெரிய மாமா வாரிசுகளுக்குப் பாதி என்று முடிந்துவிட்டது. ரிஜிஸ்டர் ஆபீஸ் படியே ஏறியதில்லை என்கிறார் அம்மா.

இனிமேல் ஏதாவது செய்ய முடியுமா? எவ்வளவு செலவாகும்? தீர்ப்பு பற்றித் தெரிந்ததே போன வாரம்தான், அதிலிருந்து 30 நாள் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாமா?

சிவில் சைடு:

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எக்ஸ்பார்ட்டி தீர்ப்பாணையை நீக்கக் கோரும் மனுவுக்கு (உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 9 விதி 13) காலவரம்புச் சட்டத்தின் 123ஆம் இனம் 30 நாள் தருகிறது. அந்த 30 நாள் தீர்ப்பாணை தேதியிலிருந்து ஓடும். சம்மன் முறைப்படி சார்வு ஆகாதவருக்கு (கையில் சேராதவருக்கு) மட்டும்தான் தெரிய வந்த தேதியிலிருந்து. உங்கள் அம்மா சம்மன் வாங்கி வக்காலத்திலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார். ஆகவே 2023 நவம்பரிலிருந்துதான் கணக்கு. "போன வாரம்தான் தெரியும்" என்பது காலக்கெடுவை நகர்த்தாது. ஆனால் தாமதத்துக்கான காரணமாக அதைச் சொல்லலாம்.

அதற்குத்தான் அதே காலவரம்புச் சட்டத்தின் பிரிவு 5 மனு, அதாவது தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு. அதையும் நீக்கல் மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும். எதிருரையையும் (வழக்குரைக்கு அம்மா தரும் எழுத்துப் பதில்) தயாராகக் கூடவே வையுங்கள். மறுபடி அவகாசம் கேட்டு இழுக்க வந்தவர் இல்லை என்று நீதிபதிக்குத் தெரியும்.

இன்னொரு வழி, எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை எதிர்த்து நேரடியாக மேல்முறையீடு. மாவட்ட நீதிமன்றத்துக்கு என்றால் 30 நாள், உயர் நீதிமன்றத்துக்கு என்றால் 90 நாள். அங்கேயும் தாமத மனு போட்டாக வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் போட முடியும் என்றாலும் மேல்முறையீடு தள்ளுபடியானால் விதி 13 கதவு மூடிக்கொள்ளும். உங்கள் விஷயத்தில் அம்மா தரப்பில் சாட்சியமே சொல்லவில்லையே, அதனால் விதி 13தான் முதலில்.

எல்லாவற்றுக்கும் முன்னால், நாளைக்கே புது வக்கீல் மூலம் இறுதித் தீர்ப்பாணை (சொத்தை அளந்து பிரித்துக் கொடுப்பது) மனுவில் ஆஜராகுங்கள். கமிஷனர் அறிக்கை வந்து பாகம் குறித்து இறுதி ஆணையும் ஆகிவிட்டால் அதையும் தனியாக எதிர்க்க வேண்டி வரும். செலவு இரட்டிப்பு.

பட்டா சிட்டா:

கொரோனா காலத்தைக் கழிக்கலாமே? உச்ச நீதிமன்றம் நீட்டிப்புக் கொடுத்ததே?

சிவில் சைடு:

அது 15.03.2020 முதல் 28.02.2022 வரை. அந்த இடைவெளியில் முடிய வேண்டிய கெடுக்களுக்கு மட்டும்தான், 01.03.2022லிருந்து 90 நாள். இங்கே தீர்ப்பாணையே 2023இல். ஒரு நாள்கூடக் கிடைக்காது. இன்றைக்கும் சிலர் தாமத மனுவில் கொரோனா என்று எழுதிக்கொண்டு வருகிறார்கள், அது மனுவின் மீதே சந்தேகத்தைக் கொண்டுவருகிறது.

பழைய வாய்தா:

தம்பி, செலவு பற்றிக் கேட்டீர்கள். எங்கள் குடும்ப வழக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் கணக்கு தெரியும்.

கோர்ட் ஃபீஸ் என்றதும் பயப்படாதீர்கள். தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டம் 1955, பிரிவு 37இல் இரண்டு வகை. சொத்து கூட்டு அனுபவத்தில் இருக்கிறது என்றால் சிறிய நிலையான கட்டணம். அனுபவத்திலிருந்து வெளியேற்றப்பட்டவர் என்றால் தன் பாகத்தின் சந்தை மதிப்புக்குச் சதவீதக் கணக்கு. முன்பு ஏழரை சதவீதம், 2017இல் 3 ஆகக் குறைத்தார்கள். ஒரு கோடி மதிப்புள்ள பாகத்துக்கு 3 லட்சம். உங்கள் அம்மா பிரதிவாதி. தன் பாகத்தையும் பிரித்துக் கொடுங்கள் என்று எதிருரையில் கேட்டால் அதற்கும் கட்டணம் உண்டு, ஆனால் பாதிதான். இதைக் கேட்காமல் வெறுமனே "வழக்கைத் தள்ளுபடி செய்க" என்று மட்டும் எழுதி முடித்துவிடும் எதிருரைகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டாயம் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

உண்மையில் பணம் கரைவது கட்டணத்தில் இல்லை. வாய்தா வாய்தாவாக வெளியூரிலிருந்து வருவது, கமிஷனர் பேட்டா, சர்வேயர் செலவு, நகல் செலவு, ஒவ்வொரு இடைக்கால மனுவுக்கும் தனி ஃபீஸ். எங்கள் வீட்டில் மூல வழக்குக்குச் செலவழித்ததைவிட இடையில் தவறவிட்ட தேதிகளைச் சரிசெய்யப் போட்ட மனுக்களுக்குத்தான் அதிகம் போயிற்று. வக்கீலிடம் முதல் நாளே எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். ஜெயித்தால் நிலத்தில் இத்தனை பங்கு என்று யாராவது பேசினால் எழுந்து வந்துவிடுங்கள், பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்கிறது.

தோற்றவர் ஜெயித்தவருக்குச் செலவு கொடுப்பார் என்ற எண்ணமும் வேண்டாம். பாகப்பிரிவினை வழக்குகளில் பெரும்பாலும் "குடும்ப உறவைக் கருதிச் செலவுத்தொகை இல்லை" என்றுதான் கடைசி வரி இருக்கும். பொய் வழக்குக்கான ஈட்டுச் செலவு உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 35ஏ, அதன் உச்சவரம்பே 3,000 ரூபாய்.

மேலூர்க்காரன்:

எல்லோரும் மனு மனு என்கிறீர்கள். நான் மாறுபட்டுப் பேசுகிறேன். சின்ன மாமா உயிரோடு இருக்கிறார். அவரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். பெரியவர்கள் இரண்டு பேரை வைத்து, அக்காக்களுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையோ ஒரு மனையோ வாங்கிக்கொண்டு முடித்துக்கொள்ளுங்கள். குடும்ப உறுப்பினர்களுக்குள் விடுதலைப் பத்திரம், பாகப்பிரிவினைப் பத்திரம் எல்லாவற்றுக்கும் முத்திரைத் தீர்வை 1 சதவீதம்தான், அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. பத்து வருடக் கோர்ட் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. அம்மாவுக்கு வயது என்ன? வழக்கு முடியும்போது அனுபவிக்க இருப்பாரா?

தாமிரபரணி:

மேலூர் அண்ணன் சொல்வது நல்ல மனசோடுதான், ஆனால் வரிசை தப்பு. கையில் ஒன்றும் இல்லாமல் பேசப் போனால் என்ன கிடைக்கும்? சின்ன மாமா பக்கம் கோர்ட் தீர்ப்பாணை இருக்கிறது. "உனக்குப் பாகமே இல்லைன்னு ஜட்ஜே சொல்லிட்டார், ஏதோ அக்காவாச்சேன்னு தர்றேன்" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். பேசிக்கொண்டே இருக்கும்போது நாள் ஓடும். அந்த நாட்களுக்கும் பிறகு கோர்ட்டில் கணக்குச் சொல்ல வேண்டும். "சமாதானம் பேசினோம்" என்பதற்கு எழுத்தில் எதுவும் இருக்காது.

என் நாத்தனார் விஷயத்தைச் சொல்கிறேன். அவர் வாதி, கொழுந்தன்கள் பிரதிவாதிகள். ஒரு கொழுந்தன் இறந்துபோனார். துக்க வீடு, பதினாறாம் நாள் காரியம், அதன் பிறகு பங்காளிகள் ஒன்றாக உட்கார்ந்து முடித்துவிடலாம் என்ற பேச்சு. எல்லோரும் நல்லபடியாகத்தான் பேசினார்கள். வழக்கில் ஒருவர் இறந்தால் அவர் வாரிசுகளை 90 நாளுக்குள் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும் என்று யாரும் வீட்டில் சொல்லவில்லை. அதை நீக்கக் கோர அடுத்த 60 நாள். அதுவும் போயிற்று. கடைசியில் அற்றுப்போனதை நீக்க ஒரு மனு, அதற்கான தாமதத்தை மன்னிக்க ஒரு மனு, வாரிசுகளைச் சேர்க்க ஒரு மனு என்று மூன்று மனு. மூன்றுக்கும் எதிர்ப்பு, மூன்றுக்கும் வாய்தா. சமாதானம் பேசியவர்களே எதிர் மனுவில் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

குடும்ப வழக்கில் சாவு வரும், கல்யாணம் வரும், வெளிநாட்டுப் பயணம் வரும். காலக்கெடு எதற்கும் நிற்காது. முதலில் மனுவைப் போடுங்கள், பிறகு மாமா வீட்டுக்குப் போய்க் காபி குடியுங்கள்.

இன்னொன்று. அம்மாவுக்கும் சித்திக்கும் இலவசச் சட்ட உதவி கிடைக்கும். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1987, பிரிவு 12படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. கோர்ட் வளாகத்திலேயே தாலுகா சட்டப் பணிகள் குழு அலுவலகம் இருக்கும். வக்கீல் ஃபீஸ் மட்டுமில்லை, கோர்ட் கட்டணமும் நகல் செலவும் அதில் அடங்கும். இது ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு எத்தனையோ பெண்கள் நகையை அடகு வைக்கிறார்கள். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

காவிரிக்கரை:

எல்லோருக்கும் நன்றி. தாமிரபரணி அக்கா, சட்ட உதவி விஷயம் எங்களுக்குத் தெரியவே தெரியாது.

வில்லங்கம் போட்டுப் பார்த்தேன். 1996இல் மட்டுமில்லை, அதற்கு முன்னும் பின்னும் அம்மா, சித்தி பெயரில் எந்த விடுதலைப் பத்திரமும் பதிவாகவில்லை. கோர்ட்டில் வா.சா.ஆ.5 (வாதி தரப்புச் சான்றாவணம் 5) என்று குறியீடு செய்திருப்பது 10 ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய ஒரு கடிதம். அதில் அம்மா கையெழுத்து என்று இருப்பதில் தமிழில் முழுப்பெயர். அம்மா அப்போதும் இப்போதும் முன்னெழுத்தை ஆங்கிலத்தில்தான் போடுவார், பேங்க் பாஸ்புக்கில்கூட அப்படித்தான்.

பழைய வக்கீல் வழக்குக் கட்டைத் தர மறுக்கிறார். பெரிய மாமா தர வேண்டிய பாக்கியைக் கட்டினால்தான் என்கிறார். தாமத மனுவில் அவர்தான் காரணம் என்று எழுதலாமா?

சிவில் சைடு:

கட்டு: ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்க வக்கீலுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. எழுத்தில் கேளுங்கள், பதிவுத் தபால் ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள். வக்காலத்தை மாற்ற அவர் சம்மதம் தராவிட்டால் கோர்ட் அனுமதியோடு மாற்றலாம். அவருக்காகக் காத்திருந்து ஒரு வாரத்தைக்கூட இழக்காதீர்கள்.

கடிதம்: பதிவில்லாத ஆவணம் அசையாச் சொத்தின் உரிமையை மாற்றாது. அதோடு, 1996இல் தாத்தா உயிரோடு இருந்தார், சொத்து அவருடைய சுய சம்பாத்தியம். அப்போது மகளுக்கு அதில் உரிமையே பிறக்கவில்லை, வரக்கூடும் என்ற எதிர்பார்ப்பு மட்டும்தான். அதை எழுதிக் கொடுக்க முடியாது. ஆனால் எச்சரிக்கையாக இருங்கள். தகப்பன் உயிரோடிருக்கும்போதே மகன் பணம் வாங்கிக்கொண்டு விடுதலை எழுதிக் கொடுத்த ஒரு தமிழ்நாட்டு வழக்கில், பிறகு வந்து பங்கு கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. சீர் என்ற பெயரில் பணம் கைமாறியதாக எதிர்த்தரப்பு காட்டப் பார்க்கும். ஆகவே கையெழுத்தையே மறுக்கிறீர்கள் என்றால் எதிருரையில் அதைத் திட்டவட்டமாக மறுத்து, அந்தக் காலத்து ஒப்புக்கொண்ட கையெழுத்துகளைத் திரட்டி வையுங்கள். பாஸ்புக் நல்ல ஆதாரம்.

வக்கீல் மேல் பழி: இதுதான் முக்கியம். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு சொத்து வழக்கில் 883 நாள் தாமதம். வக்கீல் எதையும் தெரிவிக்கவில்லை என்பது காரணம். அந்தக் கட்சிக்காரர் நுகர்வோர் மன்றத்துக்குப் போய் வக்கீலிடமிருந்து 50,000 ரூபாய் இழப்பீட்டுக்கு உத்தரவே வாங்கியிருந்தார். 1998இல் உச்ச நீதிமன்றம் தாமதத்தை மன்னித்தது. நாட்களின் எண்ணிக்கை இல்லை, விளக்கம் ஏற்கத்தக்கதா என்பதுதான் அளவுகோல் என்றது. எல்லோரும் இந்தத் தீர்ப்பைத்தான் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதன் பிறகு காற்று மாறியிருக்கிறது. 2024 ஏப்ரலில் 5,659 நாள் தாமதமாக வந்த வாரிசுகளை உச்ச நீதிமன்றம் திருப்பி அனுப்பியது. அதே ஆண்டு மே மாதம், வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வராது என்றும் சொல்லிவிட்டது. பார் கவுன்சிலில் புகார் தரும் வழி மட்டும் இருக்கிறது.

எனவே வெறும் பழி போதாது. வழக்கின் நோட்ஸ் பேப்பர், பி டைரி நகல் வாங்குங்கள். எந்தத் தேதியில் யார் ஆஜர், எந்தத் தேதியில் எக்ஸ்பார்ட்டி என்று அதில் இருக்கும். "கட்சிக்காரரிடமிருந்து அறிவுறுத்தல் இல்லை" என்று சொல்லி வக்கீல் விலகியிருந்தால் அப்போது கோர்ட் உங்கள் அம்மாவுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை என்றால் அது உங்களுக்குப் பெரிய பலம்.

பத்து மணி கோர்ட்:

நான் வக்கீல் குமாஸ்தா வேலையில் இருப்பவன். மேலே சார் சட்டம் சொல்லிவிட்டார், நான் கவுன்ட்டர் பக்கத்தைச் சொல்கிறேன்.

நகலுக்கு இன்றைக்கே மனு போடுங்கள். சான்றிட்ட நகலின் பின்பக்கத்தில் மனு போட்ட நாள், நகலுக்கான முத்திரை கேட்ட நாள், செலுத்திய நாள், நகல் தயாரான நாள், வாங்கிய நாள் எல்லாம் ரப்பர் ஸ்டாம்பில் வரும். மேல்முறையீட்டுக்கு நகல் வாங்க ஆன காலத்தைக் கழிக்கலாம் என்பார்கள். முத்திரை கேட்ட பிறகு நீங்கள் கட்டாமல் விட்ட நாட்கள் கழிவில் வராது. அந்த ஸ்டாம்பைப் பார்த்துத்தான் எதிர்த்தரப்பு கணக்குப் போடும்.

தாக்கல் செய்தால் வேலை முடிந்தது என்று வீட்டுக்குப் போகாதீர்கள். குறை இருந்தால் கட்டு திரும்பி வரும். கோர்ட் ஃபீஸ் குறைவு, விலாசம் இல்லை, பக்க எண் இல்லை என்று சின்னச் சின்னக் காரணம்தான். திருத்திக் கொடுக்க இத்தனை நாள் என்று எழுதியிருப்பார்கள். அந்த நாள் தாண்டினால் மறுதாக்கல் தாமதத்துக்குத் தனி மனு. தாமத மனுவுக்கே ஒரு தாமத மனு! அலமாரியில் வருடக்கணக்கில் ரிட்டர்ன் கட்டுகள் தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன், கட்சிக்காரர் "கேஸ் நடக்குது" என்று நம்பிக்கொண்டிருப்பார். "போட்டாச்சா" என்று கேட்காதீர்கள், "நம்பர் ஆயிடுச்சா, எண் என்ன" என்று கேளுங்கள். எண் கிடைத்ததும் ஈ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கைச் சேமித்துவிட்டால் அடுத்த வாய்தா உங்கள் போனிலேயே தெரியும்.

பிரமாணப் பத்திரத்தில் மஞ்சள் காமாலை எழுதாதீர்கள். சிவில் கோர்ட்டில் பாதித் தாமத மனுவில் மஞ்சள் காமாலையும் நாட்டு மருந்தும்தான் இருக்கும். நீதிபதி முதல் வரியிலேயே முகம் சுளிப்பார். அண்ணன் வந்தது, வக்காலத்தில் கையெழுத்து, அவர் இறந்தது, கமிஷனர் வந்தது என்று நடந்ததை அப்படியே தேதியோடு எழுதச் சொல்லுங்கள். இறப்புச் சான்று, கமிஷனர் நோட்டீஸ், நகல் மனு ரசீது இணைத்தால் போதும். அம்மாவைக் குறுக்கு விசாரணை செய்வார்கள், அவர் சொல்லப்போவதும் எழுதியதும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கடல் தாண்டி:

நான் கனடாவில். எங்கள் வழக்கும் இதே மாதிரி. உங்கள் சித்தி வெளிநாட்டில் இருந்தால் பவர் பத்திரம் பற்றியும் யோசியுங்கள். இங்கே எழுதி அனுப்பும் பவர் பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அங்கே முத்திரைத் தீர்வை செலுத்தியாக வேண்டும். என் அண்ணன் உறையோடு பீரோவில் வைத்திருந்து, கெடு முடிந்து, நான் மறுபடி தூதரக அப்பாயின்ட்மென்ட் எடுத்து முதலிலிருந்து எழுதினேன். உறையின் மேல் வந்த தேதியை எழுதி வையுங்கள்.

காவிரிக்கரை:

சித்தி திருப்பூரில்தான் இருக்கிறார், நல்ல வேளை. ஆனால் அவர் தயங்குகிறார். "பொறந்த வீட்டு வாசல் மூடிரும்" என்கிறார். அம்மாவுக்கு மட்டும் மனு போட்டால் அவருக்கும் சேர்த்துத் தீர்ப்பு நீங்குமா?

சிவில் சைடு:

பாகப்பிரிவினைத் தீர்ப்பைத் துண்டு துண்டாக நீக்குவது கஷ்டம் என்பதால், ஒருவர் மனுவிலேயே மொத்தமாக நீக்க விதியில் இடம் உண்டு. அதை மட்டும் நம்பிச் சித்தி சும்மா இருப்பது சரியில்லை. அவருக்குத் தனி மனு, முடிந்தால் தனி வக்கீல். இந்த வழக்கு இந்த நிலைக்கு வந்ததே எல்லோருக்கும் ஒரே வக்காலத்து என்றதால்தானே. பெரிய மாமா வாரிசுகளுக்கு இன்றைக்குப் பாதி சொத்து கிடைத்திருக்கிறது, அத்தைகளுக்குப் பாகம் இருந்தால் அது கால் பாகமாகிவிடும். அவர்களுக்கும் உங்கள் அம்மாவுக்கும் நலன் ஒன்றில்லை. அக்கா தங்கைக்குள்கூட நாளைக்கு மனை யாருக்கு, வயல் யாருக்கு என்று வரும்போது வேறாகலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

தாமிரபரணி:

சித்தியிடம் சொல்லுங்கள்: வாசலை மூடியது அவர் இல்லை. 1996இல் இருவரும் எழுதிக் கொடுத்தார்கள் என்று கோர்ட்டில் சத்தியம் செய்தவர் அவருடைய தம்பி. தன் அப்பா சொத்தில் நான்கில் ஒன்றைக் கேட்பதற்கு ஒரு மகள் இவ்வளவு தயங்க வேண்டியிருக்கிறதே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

காவிரிக்கரை:

சில மாதங்கள் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். சட்ட உதவி மூலம் வக்கீல் அமைந்தார். இருவருக்கும் தனித்தனி மனு. நோட்ஸ் பேப்பரில் பழைய வக்கீல் "அறிவுறுத்தல் இல்லை" என்று சொல்லி விலகியதும், அன்றைக்கே எக்ஸ்பார்ட்டி ஆக்கியதும் இருந்தது. அம்மாவுக்கு நோட்டீஸ் போகவில்லை. இறுதித் தீர்ப்பாணை விசாரணை நிறுத்தி வைக்கப்பட்டது. அம்மா கூண்டில் ஏறி நடந்ததைச் சொன்னார், குறுக்கு விசாரணையில் ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை.

போன வெள்ளிக்கிழமை அம்மாவின் தாமத மனு அனுமதிக்கப்பட்டது. ஆனால் எதிர்த்தரப்புக்கு 5,000 ரூபாய் செலவுத்தொகை இரண்டு வாரத்துக்குள் கொடுக்க வேண்டும், தவறினால் மனு தள்ளுபடி என்று உத்தரவு. சின்ன மாமாவின் வக்கீல் வாங்க மாட்டேன், மேலே ரிவிஷன் (சீராய்வு மனு) போகப்போகிறோம் என்கிறார். என்ன செய்வது?

பத்து மணி கோர்ட்:

அது பழைய தந்திரம். வாங்க மறுத்தால் நாள் கடந்துவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். உங்கள் வக்கீல் ஒரு மெமோ போட்டு, பணத்தைச் செலான் மூலம் கோர்ட்டில் கட்டச் சொல்லுங்கள். கடைசி நாள் வரை வைத்திருக்காதீர்கள். செலான் நகலும், மறுத்ததைக் குறித்த மெமோவும் கையில் இருக்கட்டும்.

சிவில் சைடு:

ரிவிஷன் போனாலும் தடை உத்தரவு வரும் வரை இங்கே நடப்பது நிற்காது. பணம் கட்டிய கையோடு நீக்கல் மனுவை விசாரணைக்கு எடுக்கச் சொல்லுங்கள். எதிருரையில் பாகம் கேட்டதற்கான பாதிக் கட்டணம் செலுத்தப்பட்டதா என்றும் சரிபாருங்கள்.

மேலூர்க்காரன்:

இப்போது நான் முன்பு சொன்னதை மறுபடி சொல்லலாம் என்று நினைக்கிறேன். தாமிரபரணி சகோதரி சொன்ன வரிசைதான் சரி, மனு கையில் இருக்கிறது. இனி சமரச மையத்துக்கு அனுப்பக் கேளுங்கள், இல்லையென்றால் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்). அங்கே முடிந்தால் மேல்முறையீடு கிடையாது. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பும். தங்களுக்குள் தனியாகப் பேசி முடித்துக்கொண்டவர்களுக்கும் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2021இல் உறுதி செய்தது. பேச்சு எதுவானாலும் அடுத்த வாய்தாவுக்கு ஆஜராவதை மட்டும் விடாதீர்கள்.

காவிரிக்கரை:

இன்று செலான் கட்டியாயிற்று, மெமோவும் தாக்கல். எதிருரையில் பாகம் கேட்டிருக்கிறார்கள், கட்டணத்தைச் சட்ட உதவிக் குழு பார்த்துக்கொண்டது. சித்தியின் மனு வரும் புதன்கிழமை உத்தரவுக்கு இருக்கிறது. பெரிய மாமா மகள் நேற்று அம்மாவுக்குப் போன் செய்து, சமரசத்துக்குத் தான் வருவதாகச் சொன்னாள். அவளுடைய தம்பி இன்னும் பிடி கொடுக்கவில்லை. புதன்கிழமை உத்தரவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.